மலை ராஜ்யத்துக்கு ஒரு பெல்ட்

என் மகளைக் கயிற்றில் கட்டித் தூக்கப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டுங்காவில் அவள் படிக்கும் பள்ளியின் ஆண்டுவிழா நாடகம். மேகத்துக்கு மேலே ஒரு மலை ராஜ்யமாம், அங்கே பிள்ளைகள் பறக்குமாம். எடை குறைந்த பிள்ளை வேண்டுமென்று இவளைப் பிடித்துவிட்டார்கள். அவளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். மேடை போடுகிறவர்கள் கொண்டுவந்த பெல்ட் பெரியவர்களுக்கானது, இவள் இடுப்பில் நிற்கவில்லை. சின்னதாக நானே செய்து கொண்டுவருகிறேன் என்றேன்.

தாராவியில் எங்கள் சந்திலேயே தோல் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். சிடுமூஞ்சி, எதையும் நம்பாத மனுஷன். கோயில் கொடை வசூலுக்குப் போனால், "ஏன், சாமி கஷ்டத்துல இருக்காரோ?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்.

"மலையில பறக்காளா? பறக்கத் தெரிஞ்சவளுக்கு பெல்ட்டு எதுக்கும்மா?" என்றார்.

கேலி செய்துகொண்டே அளவெடுத்தார், இரட்டைத் தையல் போட்டார். முடிந்ததும் தன் வழக்கப்படி அதை உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். இப்படித் தொங்கிப் பார்க்காமல் எந்தப் பட்டையையும் அவர் வெளியே விட்டதில்லை. அவரையே தாங்கியது என் மகளைத் தாங்காதா? புத்திக்குப் புரிந்தது, வயிறு கேட்டால்தானே! விழாவுக்கு நீங்களும் வரவேண்டும் என்று கெஞ்சினேன். முறைத்தார். ஆனால் வந்தார்.

மேடைக்குப் பின்னால் பெல்ட்டைக் கையில் வாங்கியவர் மோந்து பார்த்தார்.

"யாரு இதுல தேங்காயெண்ணெய் தேச்சது? பெல்ட்டுன்னு நெனச்சியளா, தலைன்னு நெனச்சியளா?"

என் கணவர் திருதிருவென்று விழித்தார். பிள்ளைக்கு இடுப்பு உரசிவிடக் கூடாதென்று ஊற ஊறத் தேய்த்திருக்கிறார் மனுஷன்! எண்ணெய் குடித்த தோல் இளகும், தையல் ஓட்டை வாயைப் பிளக்கும் என்றார் அண்ணாச்சி. மகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "வேண்டாம், அவ பறக்கவே வேண்டாம்" என்றேன்.

"மம்மி, ப்ளீஸ்!" என்று மகள் அழத் தொடங்கினாள். வெளியே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அண்ணாச்சி பெல்ட்டைக் கயிற்றுக் கொக்கியில் மாட்டி இறுகப் பிடித்துக்கொண்டார். கயிறு இழுக்க நின்ற இரண்டு பேரைப் பார்த்து, "உட்டாவ்!" என்று இந்தியில் கத்தினார்; தூக்கினார்கள். அட்டை மலைக்குப் பின்னால், பேன்ட் நழுவ, அந்தரத்தில் தொங்கினார். இறங்கி ஒவ்வொரு தையலையும் நகத்தால் தடவிப் பார்த்தார்.

"தாங்கும்" என்றார்.

மகளின் இடுப்பில் அவரே மாட்டினார். நான் தடுக்கவில்லை.

அவள் மேலே போனபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பக்கத்தில் யாரோ "முருகா, முருகா" என்று விடாமல் முணுமுணுப்பது கேட்டது. கண்ணைத் திறந்தேன். அட்டை மலையின் மறைவில், அவளுக்கு நேர் கீழே, விழுந்தால் ஏந்திக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டியபடி அண்ணாச்சி நின்றிருந்தார்.

கைதட்டல் அரங்கத்தை அதிர வைத்தது. மகள் பத்திரமாக இறங்கி என் கழுத்தைக் கட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"யாரைக் கூப்பிட்டிய, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கயிறு புடிச்சவனைத்தான்" என்று எரிந்து விழுந்தார். நீட்டிய கைகளை இன்னும் மடக்கவில்லை.