சம்பந்தியோடு ஒரு பின்பால்

போன ஞாயிற்றுக்கிழமை, தி.நகர் மால் ஒன்றில் நானும் என் சம்பந்தியம்மாவும் போட்டி போட்டுக்கொண்டு பின்பால் மெஷினில் பந்து ஆடினோம். சிரிக்காதீர்கள். பந்தயம் என்ன தெரியுமா? தீபாவளி!

என் மகனும் மருமகளும் இந்தத் தீபாவளிக்கு மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கா, கோடம்பாக்கத்தில் அவர் வீட்டுக்கா? சிரித்த முகம் மாறாமல் இரண்டு பேரும் இழுத்துக்கொண்டிருந்தோம். அன்று பிள்ளைகள் சினிமாவுக்குள் போனதும், கேம் ஜோன் வாசலில் இருந்த பின்பால் மெஷின் முன்னால் சம்பந்தி நின்றார். டப்பிங் பேசுகிறவர், வெண்கலக் குரல்.

"இதுலயே முடிச்சிக்கலாமா?"

"நீங்க மொதல்ல ஆடுங்கோ."

"ஐயே, நீங்க ஆடுங்க சம்பந்தி!"

இந்த உபசாரத்திலேயே பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. சரியென்று நானே ஆரம்பித்தேன். மேலேயிருந்து பந்து உருண்டு வரும். கீழே இருபுறமும் ஃப்ளிப்பர் என்று குட்டித் துடுப்பு மாதிரி இருக்கும்; பட்டனை அமுக்கி அதைத் தூக்கி, பந்தைத் திருப்பி அடிக்க வேண்டும். அவ்வளவுதானே? பதற்றத்தில் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினேன். இரண்டும் மேலே எழும்ப, நடுவில் வழி திறந்து... பந்து போயே போச்சு! அடுத்த பந்துக்கு, எங்கள் வீட்டு மிக்ஸியைத் தட்டுகிற பழக்கத்தில் மெஷினுக்கு ஒரு தட்டு. அது கோபித்துக்கொண்டு ஃப்ளிப்பரையே முடக்கிவிட்டது.

சம்பந்தி ஆடினாரே பார்க்கணும்! ஒரு ஃப்ளிப்பரைத் தூக்கிப் பிடித்து, பந்தை அதன் மடியில் உட்காரவைத்து, மெல்ல இறக்கி, நுனிக்கு வந்ததும் ஒரே தட்டு. மெஷின் முழுக்க விளக்கு!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தீபாவளி போச்சே!

"இது கணக்குல வேணாம். நீங்க புதுசு, இன்னொரு தபா ஆடுங்க" என்றார். "பந்து மெதுவா வந்தா தொடாதீங்க. சும்மா வுட்டுடுங்க, அதுவே எகிறி அந்தாண்ட வரும்."

எதிராளிக்கே தொழில் சொல்லித் தருவார்களா? சம்பந்தி மரியாதை!

கடைசிப் பந்து. மெதுவாகத்தான் வந்தது. அமுக்கவில்லை. வலது ஃப்ளிப்பரில் பட்டு, துள்ளி, தானாக இடப்பக்கம் வந்தது. ஏந்தினேன், இறக்கினேன், அடித்தேன்... ஜெயித்தேன்! தோற்ற சம்பந்திதான் என்னைவிடப் பெரிதாகக் கத்தினார். கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் வந்தார்கள்.

"அம்மா, தீபாவளிக்கு நாங்க ரெண்டு பேரும் மூணாறு போறோம். ரூம் புக் பண்ணியாச்சு" என்றான் என் மகன்.

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி என் கையை அழுத்தினார். "சும்மா வுட்டுடுங்க சம்பந்தி... அதுவே திரும்பி வரும்."

அதிருக்கட்டும், தீபாவளியன்று கேம் ஜோன் திறந்திருக்குமா? நாங்கள் இரண்டு பேர் வருகிறோம்.