வைப்பர் நின்றுபோன நாள்

என் அம்மாவின் தம்பி மதுரையில் ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்குக் கார் ஓட்டினார். எனக்கு ஏழு வயதான ஐப்பசியில், முதலாளியை ஒரு கல்யாணத்துக்காகச் சோழவந்தானுக்கு அழைத்து வந்த மாமா, எங்களையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு அன்று விடியற்காலையிலேயே பிரசவ வலி கண்டிருந்தது. மத்தியானம் வரை பார்த்த மருத்துவச்சி, "தண்ணிக்கொடம் ஒடஞ்சு வெகுநேரமாச்சு. பிள்ளை எறங்கல. டவுன் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருங்க" என்று கைகழுவிவிட்டாள். அப்பா அப்போது கொழும்பில் வேலையிலிருந்தார். மாமா கல்யாண வீட்டுக்கு ஓடி முதலாளியிடம் கேட்டார். அவர் மறுபேச்சில்லாமல் காரைக் கொடுத்தார்.

பின் சீட்டில் அம்மாவைக் கிடத்தி, பெரியம்மாவும் கூடவே ஏறிக்கொண்டாள். என்னை விட்டுவிட்டு வர வீட்டில் வேறு ஆளில்லை. மாமா பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அம்மா முனகிக்கொண்டிருந்தாள். எனக்கோ, நான் காரில் போவதைத் தெருப்பிள்ளைகள் பார்க்கிறார்களா என்பதுதான் கவலை.

ஊரைத் தாண்டியதும் மழை பிடித்தது. கண்ணாடியைத் துடைக்கிற வைப்பர் நாலைந்து முறை நொண்டிவிட்டுப் பாதியில் நின்றது. எதிரே வந்த மாட்டு வண்டிக்காக மாமா வேகத்தைக் குறைத்தார். இன்ஜின் திக்கித் திணறி அணைந்தது. மறுபடி கிளப்பினார். மறுபடி அணைந்தது.

"என்னடா தம்பி?" என்றாள் பெரியம்மா.

"ஒண்ணுமில்லக்கா. செத்த பொறு."

மாமா மழையில் இறங்கி இன்ஜின் மூடியைத் தூக்கினார். வயர்களைத் துண்டால் துடைத்தார். பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஸ்டீயரிங் பக்கத்தில், பெட்ரோலைக் கூட்டுகிற சிறு பிடியை இழுத்து வைத்து, இன்ஜினை அணையாமல் ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். அந்தக் காலத்துக் காரில் வைப்பருக்கு மின்சாரம் கிடையாது. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற விசையில்தான் அது ஆடும். இன்ஜினிலிருந்து கண்ணாடிக்கு மேலே இருக்கும் பித்தளைச் சுவிச்சு வரை ஒரு ரப்பர் குழாய் போகும். மாமா அந்தக் குழாயை விரலால் நசுக்கிப் பிடித்தார். இன்ஜின் உடனே சீராக ஓடியது. விட்டார். திணறியது.

உள்ளே வந்து, சுவிச்சை மூடி, ஒரு பீடியைப் பற்றவைத்து அதன் பக்கத்தில் காட்டினார். மேலே போகவேண்டிய புகை, வளைந்து சுவிச்சின் இடுக்குக்குள் நுழைந்தது. நான் கைதட்டினேன்.

"மூடுன பெறகும் காத்த இழுக்குதுக்கா. உள்ள வாசர் பிஞ்சிருச்சு. அதுதான் இன்ஜின் நிக்குது."

"வலி நெருக்குதுடா. எம்புட்டு நேரமாகும்?"

சுவிச்சைக் கழற்றிச் சரிசெய்ய நேரமில்லை. மாமா துண்டின் ஓரத்தைக் கிழித்து, ரப்பர் குழாயை மடக்கி இறுக்கிக் கட்டினார். இன்ஜின் நன்றாக ஓடியது. ஆனால் வைப்பர் இனி அசையாது. அதைக் கையால் தள்ள உள்பக்கம் ஒரு சின்னக் கைப்பிடி இருந்தது. மாமாவின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்குக்கே போதவில்லை.

"தாயி, சீட்டு மேல முட்டிபோட்டுக்க. இத இப்பிடியும் அப்பிடியும் தள்ளிக்கிட்டே வா. என்ன சத்தம் கேட்டாலும் பின்னால திரும்பாத. மாமாவுக்கு ரோடு தெரியணும்."

சமயநல்லூர் தாண்டியும் தள்ளிக்கொண்டே வந்தேன். கை வலித்தபோது கையை மாற்றிக்கொண்டேன். அம்மா ஒரு முறை பெரிதாக அலறினாள். மாமா வண்டியை நிறுத்தப்போனார். "நிறுத்தாத, போ" என்றாள் பெரியம்மா. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முனகல் அடங்கிவிட்டது. பெரியம்மா மாமாவிடம் மெல்ல ஏதோ சொன்னாள். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை.

பரவை தாண்டியதும் மழை விட்டது. காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கிறீச்சிட்டது. "மாமா, மழை நின்னுருச்சு" என்றேன்.

"தெரியும் தாயி. நீ தொடச்சிக்கிட்டே வா" என்றார்.

ஆஸ்பத்திரியில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரியம்மா முந்தானைக்குள் எதையோ அணைத்தபடி பின்னால் நடந்தாள். மாமா என்னைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு, சுவிச்சைப் பிரித்தார். உள்ளே காலணா அகலத்தில் ஒரு தோல் வாசர் வெடித்திருந்தது. தன் செருப்பின் ஓரத்தில் அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டிப் போட்டார். வைப்பர் தானாக ஆடியது. அவர் அதை நிறுத்தாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து அம்மா வெறுங்கையோடு வீடு திரும்பினாள். அதற்குள், மழையில் காரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தேன். வழியிலேயே அம்மாவுக்கு வலி நின்றுவிட்டது என்றும், அதன் பிறகு காரில் ஒரு சத்தமும் இல்லை என்றும் பெருமையாகச் சேர்த்துக்கொள்வேன். கேட்டவர்கள் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். பிறக்கிற பிள்ளை அழவேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.