சத்திரசிகிச்சைக் கூடத்தில் நான் போட்ட சத்தம்

யுத்தக் காலம். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு, கம்பஸ் எப்போது திறக்கும், எங்களை எப்போது கூப்பிடும் என்று தெரியாமல் கொழும்பில், வெள்ளவத்தை வீட்டில் இருந்த நாட்கள். மெடிசினுக்குப் புள்ளி காணும், இடம் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டது. அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடித்தான் இருந்தது. வெறும் டொக்டர் இல்லை, சேர்ஜன்தான் ஆவேன் என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏனடி இந்த வெட்டுக் கொத்து வேலை?" என்று மாமி கேட்ட பிறகு அந்த ஆசை பிடிவாதமாகவே ஆகிவிட்டது.

அப்பாவுக்கு காலி வீதியில் சின்னதாக ஒரு பாமசி, மருந்துக் கடை. அங்கே வழக்கமாக வரும் ஒரு சிங்களக் கண் சேர்ஜனிடம் அப்பா கூச்சத்தோடு என் ஆசையைச் சொல்ல, "மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கட்டும், வேலை பிடிக்கிறதா இல்லையா என்று அவளே முடிவு செய்யட்டும்" என்று அவர் உடனே சம்மதித்துவிட்டார். போகும்போது அம்மா பொட்டை அழிக்கச் சொன்னா. அடையாள அட்டை இருக்கிறதா என்று மூன்று தரம் கேட்டா. பஸ்ஸில் தமிழில் கதைப்பதென்றால் காதோடு காதாகக் கதைத்த காலம் அது.

முதல் இரண்டு நாளும் நான் இந்த உலகத்திலேயே இல்லை. மைக்ரோஸ்கோப்பில் இன்னொருவர் பார்ப்பதற்கென்று பக்கத்தில் ஒரு குழாய் இருக்கும். அதில் கண்ணை வைத்தால், வெண்புரை விழுந்த கண் பெரிய வட்டமாகத் தெரியும். மயிரை விட மெல்லிய நூலால் டொக்டர் தைப்பதைப் பார்க்கப் பார்க்க, என் வேலை இதுதான் என்று முடிவே எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள்தான் அந்த மனிதர் வந்தார். கொட்டாஞ்சேனைக்காரர், ஹாபரில், அதாவது துறைமுகத்தில், வேலை செய்தவர். ஐம்பது வயது கடந்திருக்கும். கப்பல் கம்பி அறுந்து அடித்ததில் ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த மற்றக் கண்ணிலும் இப்போது வெண்புரை. வெளியே வாங்கில் உட்காரவைத்துத் தாதி மிஸ்ஸி சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தா. மிஸ்ஸியோடு நான் கதைத்த சிங்களத்தின் லட்சணத்தைக் கேட்டே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார் போல. மிஸ்ஸி அங்கால் போனதும், "மகள் தமிழா?" என்று மெல்லக் கேட்டார்.

ஓம் என்றேன். அவ்வளவுதான், மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். ஆபரேஷனுக்கு இது மூன்றாவது தரம். முதல் தரம் ஊரடங்கு. இரண்டாந் தரம் எங்கேயோ குண்டு வெடித்து, கட்டில் எல்லாம் காயக்காரருக்குப் போய்விட்டது. போன மாதம் செக் பொயின்ற்றில் ஆமிக்காரன் நிற்கச் சொல்லிக் கை காட்டியது தெரியாமல் இவர் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். துவக்கை நீட்டிவிட்டானாம். மனைவி ஓடிவந்து கட்டிப்பிடித்துக் கத்தியதால்தான் உயிர் தப்பியது.

அவர் கதைக்கும்போது கராம்பு மணந்தது. ஏன் என்று கேட்டேன்.

"ஒரு கிழமையா இருமல் மகள். டொக்டர் கேட்டப்ப இல்லைன்னுட்டேன். தெரிஞ்சா இன்னைக்கும் திருப்பி அனுப்பிருவாங்க. நீங்க நம்ம பிள்ளை, சொல்லிறாதீங்க."

அந்த நாளில் இந்த ஆபரேஷனுக்குக் கண்ணை நன்றாகவே திறப்பார்கள். ஆளை மயக்குவதில்லை, கண்ணை மட்டும் விறைக்க வைப்பார்கள். திறந்த கண்ணோடு இருமினால் உள்ளே இருப்பது வெளியே தள்ளிவிடும் என்று டொக்டர் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார். சொன்னால் மனுசன் திரும்பிப் போகவேண்டும், அடுத்த செக் பொயின்ற்றில் என்ன ஆகுமோ. சொல்லாவிட்டால் இருக்கிற ஒரு கண்ணும் போய்விடும். கக்கூசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நேரே டொக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

டொக்டர் கோபிக்கவில்லை. நெஞ்சைச் சோதித்தார், இருமல் மருந்து கொடுத்தார், அன்றைய கடைசி ஆளாக அவரைப் போட்டார். ஆனால் அந்த மனிதர் என் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. "காட்டிக் குடுத்திட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு தமிழ் ஆளைப் பார்த்துச் சொல்ல அதைவிட மோசமான சொல் கிடையாது. அழுகை வந்துவிட்டது.

இதோடு விட்டதா? இப்படி ஆபரேஷன் நடக்கும்போது நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பது அங்கே வழக்கம். இருமல் வருகிற மாதிரி இருந்தால் நோயாளி கையை இறுக்கவேண்டும், பிடித்திருப்பவர் உடனே சொல்லவேண்டும். வழக்கமாகப் பிடிக்கிற அட்டெண்டன்ட் அன்றைக்கு எங்கேயோ சுற்றிவளைப்பில் மாட்டி வரவில்லை. டொக்டர் என்னை மகள் என்று சிங்களத்தில் கூப்பிட்டு, "துவ, நீ பிடி. நீ நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன், சொல்லாவிட்டால் வெட்டிக்கொண்டே போவேன்" என்றார்.

உள்ளதைச் சொன்னால் எனக்கு ஏமாற்றம். மைக்ரோஸ்கோப் பார்க்க வந்தவளுக்கு ஒரு முக்காலி. பச்சைத் துணிக்குக் கீழே கையை விட்டுக்கொண்டு, துணியையே பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. அவருடைய கையோ பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. நான் பிடித்திருந்தேன், அவர் என்னைப் பிடிக்கவில்லை. குனிந்து துணியோரமாக, "அங்கிள், கோபமெண்டாலும் பரவாயில்லை, வந்தா இறுக்குங்கோ" என்றேன்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. டொக்டர் தைக்கத் தொடங்கியிருக்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. அப்போது அந்த விரல்கள் மெல்ல மடங்கின. அடுத்த கணம் ஹாபரில் மூட்டை தூக்கிய கை என் கையை நொறுக்குகிற மாதிரி இறுக்கியது.

சிங்களத்தில் சொல்லத்தான் பழகி வைத்திருந்தேன். வாயில் வந்தது அது இல்லை.

"நிப்பாட்டுங்கோ டொக்டர்!"

கூடமே அதிர்ந்தது. பஸ்ஸில் காதோடு காதாகக் கதைக்கிறவள்தான், சிங்களம் மட்டும் கேட்ட அந்த அறையில் தொண்டை கிழியத் தமிழில் கத்தியிருந்தேன். டொக்டரின் இரண்டு கையும் அந்த நொடியே கண்ணை விட்டு விலகி மேலே நின்றன. துணிக்குக் கீழே மனுசன் இருமினார். ஒன்று, இரண்டு, மூன்று. டொக்டர் குனிந்து பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. சரியா என்கிற மாதிரி "ஹரித?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கை தளர்ந்திருந்தது, ஆனால் இப்போது என் விரல்களைத் தானாகவே பிடித்திருந்தது. "ஹரி" என்றேன். பிறகு தையல் முடியும்வரை அவர் என்னை விடவே இல்லை.

முடிந்ததும் மிஸ்ஸிமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டொக்டர் என்னிடம் அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். அதன்பிறகு கூடத்தில் ஏதாவது நிறுத்தவேண்டுமென்றால் அவரும் "நிப்பாட்டுங்கோ" என்றுதான் சொல்வார் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன்.

அடுத்த நாள் கட்டு அவிழ்ப்பதைப் பார்க்க, கூப்பிடாமலே போனேன். புறங்கையில் நகம் பதிந்த தடம் நீலமாக இருந்தது. மிஸ்ஸி கட்டை எடுத்தா. அவர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி முதலில் மனைவியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மேலும் கீழும் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"அட, நீங்க இவ்வளவு சின்னப் பிள்ளையா? நேத்து கத்தின கத்துக்கு நான் யாரோ பெரிய டொக்டர் அம்மான்னுல்ல நெனச்சேன்!"

நானும் சிரித்தேன், அவருடைய மனைவி அழுதா. அன்று அப்பாவின் பாமசிக்குப் பனடோல் வாங்க வந்தவர்களுக்குக்கூட இந்தக் கதை இலவசமாகக் கிடைத்தது. மாமி மட்டும் கேட்டுவிட்டு, "சரி, வெட்டு" என்றா.

இன்று நானும் ஒரு கண் சேர்ஜன், எத்தனையோ கண்களைத் திறந்து மூடிவிட்டேன். ஆனாலும் என் கையால் காப்பாற்றிய முதல் கண் எது என்று கேட்டால், ஒரு கத்தியையும் தொடாமல் முக்காலியில் இருந்த அந்த நாளைத்தான் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன்.