ரத்தம் வராத அடி

சேத்தியாத்தோப்பில் என் கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் காலை, பாதி தூக்கிய ஷட்டரில் தலையை நன்றாக இடித்துக்கொண்டார். ரத்தம் வரவில்லை. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்தார். சிதம்பரத்தில் என் அக்கா மகளுக்கு நிக்காஹ்; அவளுக்குப் போட வாங்கிய வளையலோடு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வழியில், "வளையல எடுத்துக்கிட்டியா?" என்றார்.

"மடியிலதான் இருக்கு மச்சான்."

சற்று தூரம் போனதும் அதையே கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். மறுபடியும் அதே கேள்வி வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல, சாவியக் குடு."

"நாம இப்ப எங்க போறோம், சொல்லுங்க."

சாலையின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, "கடைக்குத்தானே?" என்றார்.

ஆட்டோ பிடித்துச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. "அதுக்காக அலட்சியமா இருக்காதீங்க. மூளை குலுங்கியிருக்கு. ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா ஆபத்து. ஓய்வு குடுங்க, வண்டி ஓட்ட விடாதீங்க" என்றார் டாக்டரம்மா. வளையல், கல்யாணம் முடிந்த பிறகுதான் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

சில நாளிலேயே அடம்பிடித்துக் கடைக்குப் போனவர், வெளிச்சமும் இரைச்சலும் தாங்காமல் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். அதன்பிறகுதான் அடங்கினார். செல்போனை ஒதுக்கி, தினமும் கொஞ்சம் நடந்து, மெல்ல மெல்லப் பழைய மனிதரானார்.

இப்போதெல்லாம் யார் தலையில் அடிபட்டாலும் கூடவே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறேன். வாந்தியோ, மயக்கமோ, பேச்சில் குழப்பமோ தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். அடிபட்டவரே ‘ஒண்ணுமில்ல’ என்று சொன்னாலும், அதை நம்பி அவர் வண்டியில் ஏறுவதில்லை.