அண்ணி ஒட்டிய உலகம்

தச்சனுக்கு அண்ணி மேல் வருஷக்கணக்காக ஒரு ஆத்திரம். பட்டறையில் இடுப்புயர உலக உருண்டைகளுக்குக் கடைசல் கால் செய்வது அவன். உருண்டை மேல் பழங்காலத்து வரைபடத்தை ஒட்டுவது அண்ணி. வாங்க வருகிறவன் பாய்மரக் கப்பலைப் பார்ப்பான், கடல் பூதத்தைப் பார்ப்பான், வாயைப் பிளப்பான். குனிந்து காலைப் பார்த்த மகராசன் ஒருத்தன் கிடையாது. அது போதாதென்று அண்ணி வேறு, "கால் கொக்குக் கால்தான். என் கொழுந்தனார் தன்னப் பாத்தே செஞ்சுட்டாரு" என்று ஆள் முன்னாலேயே சிரிப்பாள். ஆனால் அவன் வேலை மும்முரத்தில் சாப்பிட மறந்தால், உளியைப் பிடுங்கி ஒளித்து வைப்பதும் அவள்தான்.

அண்ணிக்குக் கண் மங்கியது. நரம்புக் கோளாறு, கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்றார் டாக்டர். ஒருமுறை கடலுக்கு நடுவே அரைத் தேசத்தை ஒட்டிவிட, உருண்டை திரும்பி வந்தது. முன்கடையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், "இன்னொன்னு கெட்டா நீ வீட்லயே இரு" என்று சொல்லிவிட்டார்.

"வீட்ல உக்காந்து சுவத்தப் பாக்கவா? அதுவும் சரியாத் தெரியாது" என்றாள் அண்ணி.

பிறகு ஒரு ஓட்டலுக்குப் பெரிய உருண்டை. வரைபடம் இலை மாதிரித் துண்டு துண்டாக வரும், இரண்டு முனையும் கூர். ஒரு துண்டை அண்ணி தலைகீழாக ஒட்டுவதைத் தச்சன் பார்த்துவிட்டான்.

"அண்ணி, கப்பல் கவுந்து கெடக்கு."

"உனக்குக் கால்தானே தெரியும்?" என்றவள், அவன் சிரிக்காததைக் கண்டு கையை எடுத்தாள். முகம் செத்துப்போனது. "பசை ஈரமாத்தான் இருக்கு. உரிச்சுடலாம். அவரு வந்துடப் போறாரு, தம்பி."

அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. தச்சன் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றான். "இதெல்லாம் ஒரு மரமா? பூச்சி தின்ன மிச்சத்த என் தலையில கட்டுறீங்களா?" என்று ஆரம்பித்தான். நல்ல மரம்தான். அண்ணனும் பதிலுக்குக் கத்தினார். உள்ளே அண்ணி துண்டை உரித்துத் திருப்பி ஒட்டி முடிக்கும்வரை சண்டை ஓயவில்லை.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு துண்டின் வடக்கு முனையிலும் தச்சன் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வைத்தான். அண்ணி விரலால் தடவி ஒட்டினாள். துண்டுகள் கூடும் உச்சியில், வெட்டின் மேல் பித்தளைக் குமிழ் உட்கார்ந்துவிடும், யாருக்கும் தெரியாது. அப்படியே எத்தனையோ உலகங்கள் ஓட்டல்களுக்கும் ஆபீஸ்களுக்கும் போயின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

போன மழைக்காலத்தில், பாதி ஒட்டிக்கொண்டிருந்தபோதே அண்ணிக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்து நின்றது. அண்ணன் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக, வாசலில் நின்று திரும்பினாள்.

"தம்பி, நீ ஒட்டித் தொலைக்காத, வேற யாரையும் தொடவும் விடாத. நான் வர்ற வரைக்கும் ஓரம் காயாம ஈரத்துணி போட்டு வை."