செங்கோட்டையில் தொலைத்த செருப்பு

போன மே மாதம் கணவரோடு இலங்கை மாத்தளையிலிருந்து டில்லிக்குப் போயிருந்தேன். எங்கள் ஊருக்குப் பக்கத்து நாலந்தாவில் பழைய கற்கோயிலுக்குள் யாரும் செருப்போடு ஏறமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் செங்கோட்டை வாசலிலும் கழற்றிவிட்டோம்.

“விட்டுட்டுப் போங்கம்மா, நான் பாத்துக்கறேன்” என்றார் அங்கே நின்ற வழிகாட்டி. தமிழில் பேசினாரே என்று நம்பிவிட்டோம்.

உள்ளே வெயிலில் காய்ந்த கல் பாதத்தைப் பொசுக்கியது.

“என்னங்க, கால் வேகுதுங்க!”

பாதுஷாவின் மண்டபத்தை நான் எங்கே பார்த்தேன்? நிழலைத்தான் தேடினேன். கொப்புளத்தோடு திரும்பினால் என் செருப்பும் இல்லை, கணவரின் சப்பாத்தும் இல்லை.

“கோட்டைக்குள்ள போக யாரும்மா செருப்பைக் கழட்டச் சொன்னது?” என்று சிரிக்கிறார் அதே மனிதர்! கழற்றும்போது இந்த வாய் எங்கே போயிருந்தது?

இப்போது நாலந்தாவிலும் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டுதான் ஏறுகிறேன். யாராவது முறைத்தால் உள்ளங்கால் தழும்பைக் காட்டிவிடுகிறேன்.