பெரட்டுக் களத்தில் ஒரு கூட்டம்

மக்கள் மலையில் கொழுந்து பறிக்கும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, "மக்களுக்கு அக்கறையில்லை" என்று அறிக்கை எழுதும் அலுவலகத்துக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

யசோதினி மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். உத்தியோகத்தில் இருப்பதால் வெளியே சொல்லவில்லை. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயமொன்றில் பிறந்தவள் அவள். பதுளைப் புடவைக் கடையில் நின்று சிங்களம் பழகி, பரீட்சை எழுதி, பிரதேச சபையொன்றுக்கு வந்து சேர்ந்தாள். சபை எல்லைக்குள் பாதிப் பேர் தோட்டத் தமிழர். அலுவலகத்திலோ தமிழ் பேச அவளும் ஓட்டுநர் றிகாஸும் மட்டுமே. தோட்டத்துக்குள் செலவழிக்க நெடுங்காலம் சபைக்குச் சட்டம் இடம் தரவில்லை. சட்டம் திருந்தியது. பழக்கம் திருந்தவில்லை.

நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், மேல் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க ஒரு திட்டம் வந்தது. மக்கள் கூடிச் சம்மதம் சொல்ல வேண்டும். சபை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தது. இரண்டு நாய்கள் வந்தன. மறுபடியும் பத்து மணிக்கே வைத்தது, நாய்களும் வரவில்லை.

"இவங்களுக்குத் தண்ணி வேணாம் போல. வேற ஊருக்குக் குடுத்திடுவோம்" என்று சிங்களத்தில் சொன்னார் சபைச் செயலாளர்.

யசோதினிக்குச் சுருக்கென்றது. "பத்து மணிக்கு மலையை விட்டு இறங்கினா அன்னைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்ல சேர். நாம பெரட்டுக்குப் போவோம். வேலைக்குப் பேர் குடுக்க எல்லாரும் விடியவே ஒரே இடத்துல நிப்பாங்க."

"விடியக் காலையில யாரு வருவா? ஓவர்டைமும் இல்ல."

றிகாஸ் சிரித்தான். "நோன்பு காலம் சேர். விடியமுன்னம் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பினா நான் திரும்பப் படுக்கிறதில்ல. வாகனம் ரெடி."

குழாய் வேலைக்குப் பொறுப்பான திலினி கொஞ்சம் யோசித்தாள். "மகனை அம்மாகிட்ட விட்டுட்டு நானும் வாறேன்" என்றாள்.

"இதுதான் கடைசி" என்றார் செயலாளர்.

பெரட்டுக் களத்தில் பனி கலையவில்லை. இடுப்பில் படங்குத் துணி கட்டிய பெண்கள் வாகனத்தை முறைத்துப் பார்த்தார்கள்.

"என்னா மிஸ், எலெக்சன் வந்துருச்சா?" முன்னால் நின்ற பெரியாயி கேட்டதும் களமே சிரித்தது.

"சுருக்கா முடிங்க, கொழுந்து காத்துக்கிட்டு நிக்காது" என்றார் கங்காணி.

"கொழுந்து நனைஞ்சுதான் நிக்குது. நாங்கதான் தண்ணியில்லாம நிக்கிறோம். நீங்க பேசுங்க மிஸ்" என்றாள் பெரியாயி.

திலினி தொட்டி கட்டும் இடத்தைக் காட்டித் தனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் விளக்கினாள். விட்ட இடத்தை யசோதினி நிரப்பி, சம்மதமென்றால் கை தூக்கச் சொன்னாள்.

"கை தூக்குறோம் புள்ள. தூக்குன கைக்குத் தண்ணி வந்து சேருமா?" பெரியாயியின் குரலில் இப்போது கேலி இல்லை.

யசோதினி பொய் சொல்லவில்லை. "நீங்க தூக்காட்டி நிச்சயமா வராது அக்கா. தூக்கினா, நான் சபையில சண்டை பிடிக்க ஒரு காரணம் இருக்கும்."

முதலில் பெரியாயியின் கை உயர்ந்தது. பிறகு கங்காணியின் கை உட்பட எல்லாக் கைகளும் உயர்ந்தன.

இன்று மேல் லயத்தை நோக்கிக் குழாய் ஏறிக்கொண்டிருக்கிறது. முடங்கிக் கிடந்த மற்றத் தோட்ட வேலைகளுக்கும் செயலாளர் யசோதினியிடம் நேரம் கேட்டே நாள் குறிக்கிறார். இதில் தெய்வச் செயல் எதுவுமில்லை. மூன்று விதமான வீடுகளிலிருந்து வந்த மூன்று பேர் மனம் வைத்தார்கள், வேலை நடந்தது.

உங்கள் சபையில் உங்கள் மொழி பேசுபவர் எத்தனை பேர்? நாளைக்கே போய்க் கேளுங்கள். ஒருவரும் இல்லையென்றால், அயலவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போய்க் கேளுங்கள்.